பலாச்சுளையும் தாம்பரத்து மழையும்

பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் எத்தனை சுளைகள் உள்ளன என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறது கணக்கதிகாரம். காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் அந்தப் பழைய நூல் காட்டும் வழி எளிது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 50 என்றால் சுளை 60. எல்லாப் பழத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டியதுதான். ஆயினும் எங்களை ஈர்ப்பது அந்த முறையே. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை எண்ணித் தெரியாத ஒன்றை மதிப்பிடுவது. இரண்டுக்கும் நடுவே ஒரு விகிதத்தை நம்புவது. இன்று 'கணித மாதிரி' என்ற பெரிய பெயரில் வழங்குவதன் சாரமும் இவ்வளவுதான். நம்பிய விகிதம் தவறினால் பலாப்பழத்தில் இரண்டு சுளை குறையும். ஊரமைப்பில் தவறினால் என்ன ஆகும் என்பது தென்சென்னைப் புறநகர்வாசிகளான எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

மழைநீர் வடிகாலைத் திட்டமிடுவோரிடமும் இப்படியொரு வாய்பாடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வேனி முன்வைத்த அது, சிறிய பரப்புகளுக்கு இன்றும் பயன்படுகிறது. மழையின் கடுமை, அது விழும் பரப்பு, மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வந்து சேரும் நீரின் அளவு கிடைக்கும்.

தாம்பரத்தில் இதைப் போட்டுப் பார்க்க எண்களுக்குப் பஞ்சமில்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னையின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஒரு ஹெக்டேர் நிலத்தை, அதாவது சுமார் 45 கிரவுண்டை, எடுத்துக்கொள்வோம். அதன்மேல் அன்று விழுந்தது 49 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியால் அளந்தால் 400 லாரிக்கு மேல். அந்நிலம் புல்லும் மரமுமாக இருந்து, பத்தில் மூன்று பங்கு மட்டுமே வழிந்தோடும் என்று கொண்டால் தெருவுக்கு வருவது 122 லாரி நீர். அங்கே வீடுகளும் சிமெண்ட் முற்றங்களும் தார்ச்சாலையும் வந்து, வழியும் பங்கு பத்தில் எட்டாக உயர்ந்தால் 327 லாரி. வானம் ஒரு துளிகூட அதிகமாகப் பெய்யவில்லை. மாறியது நிலம் மட்டுமே. நாள் முழுதும் மழை நீடித்தால் ஊறிய மண்ணும் நீரை ஏற்க மறுக்கும் என்பதால், உண்மை வேறுபாடு இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கணக்கு காட்டும் திசை மாறாது.

இங்கே சராசரி என்னும் மாயத்தையும் கவனிக்க வேண்டும். 49 செ.மீ.யை 24ஆல் வகுத்தால் மணிக்கு 2 செ.மீ. என்று வரும். அதை நம்பிக் கட்டிய கால்வாய், ஒரே மணி நேரத்தில் 6 செ.மீ. பெய்யும்போது மூன்று மடங்கு நீரைச் சந்திக்கும். மழை ஒருபோதும் வகுத்துப் பெய்வதில்லை.

எங்கள் நண்பர் ஒருவர் முடிச்சூர்ப் பக்கம் தாழ்வான ஓரிடத்தில் மனை பார்த்தார். "அந்த வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது சார், இனிமே நம்ம காலத்துல வராது" என்றார் விற்க வந்தவர். நண்பர் எங்களிடம் கேட்டபோது ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். நூறாண்டு வெள்ளம் என்றால், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள்; வந்துவிட்டால் 99 ஆண்டு ஓய்வெடுக்கும் என்று பொருளல்ல. வராமலிருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.99. வீட்டுக்கடன் தீரும் 20 ஆண்டுகளுக்கு அதை இருபது முறை தன்னாலேயே பெருக்கினால் 0.82 வரும். ஆகவே, கடன் தீருமுன் அத்தகைய வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. நூறாண்டு வெள்ளம் என்ற கணிப்பே பழைய மழையையும் பழைய நிலத்தையும் வைத்துச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். வாழ்நாள் சேமிப்பை அந்தப் பதினெட்டின்மீது வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பயணத்தூரம் கூடினாலும் மேடான பகுதிக்குப் போய்விட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர்த் தெருக்களில் மீண்டும் வெள்ளம் நின்றது.

வாய்பாட்டில் 'பரப்பு' என்று ஒரு சொல் வருகிறதே, அது யாருடைய பரப்பு? 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. முடிச்சூர் ஊராட்சி அந்த இணைப்பில் சேரவில்லை. நீருக்கோ இந்த எல்லைகள் தெரியாது. இருப்புப்பாதைக்கு மேற்கே விழுவது பெரும்பாலும் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றை நாடுகிறது. கிழக்கே செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ஓர் ஊர் தன் வரைபடத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், மேலே இருக்கும் ஊரின் நீர் அதில் விடுபட்டுப் போகும்.

அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. 1998இல் வேறொரு பெயரில் தொடங்கிய இந்நிறுவனம், எங்கே காற்றாலை நிறுவலாம் என்று அறியக் காற்றை அளப்பது. மழையில் நம்மை ஏமாற்றும் சராசரி, காற்றில் வேறொரு வேடிக்கை செய்கிறது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். பாதி நேரம் நொடிக்கு 4 மீட்டர், மீதி நேரம் 8 மீட்டர் என்றால் சராசரி 6. ஆறின் மும்மடி 216. ஆனால் 64, 512 ஆகிய இரண்டு மும்மடிகளின் சராசரி 288. உண்மையில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அதிகம்! முப்பந்தலில் காற்றாலை வைப்போர் சராசரி வேகத்தோடு நின்றுவிடாமல் எந்த வேகம் எத்தனை மணி நேரம் வீசுகிறது என்று பார்ப்பது இதனால்தான்.

இனி மொட்டைமாடிக்கு வருவோம். ஒரு கிலோவாட் சூரியத் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி. அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் வைத்தால் 12 யூனிட். இரண்டு மாத மின்கணக்கில் 720 யூனிட். நல்ல கணக்கு, ஆண்டு முழுமைக்கும் ஏறக்குறைய நியாயமானதும்கூட. ஆனால் சித்திரை வெயிலும் கார்த்திகை மழையும் அந்த நான்கில் கலந்திருக்கின்றன. மேகம் கவிந்த நாளில் பன்னிரண்டு இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும். பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த சாதாரண அமைப்பு, மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. எனவே மிக்ஜாமை அடுத்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத தெருக்களில், மறுபடி வெயில் காய்ந்தபோதும் அத்தகைய தகடுகளால் ஒரு மின்விசிறியைக்கூடச் சுழற்றியிருக்க இயலாது. அந்த நாளுக்கு வேண்டியது மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும், அவற்றுக்கான வேறொரு கணக்கும். இரண்டு விசிறி, நான்கு விளக்கு, கைபேசி ஆகியவற்றுக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட் போதும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் மிச்சம் என்பது ஒரு கேள்வி. இருட்டான மூன்று நாட்களை எப்படிக் கடப்பது என்பது வேறு கேள்வி. முதலாவதன் விடையை இரண்டாவதற்குச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றில் எதற்கும் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் தேவைப்படவில்லை. திட்ட அறிக்கைகளின் பருமனைக் கண்டு, இது நிபுணர்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நிபுணர்கள் வேண்டும்தான், ஆனால் எந்த எண்ணை உள்ளே இட்டார்கள் என்று கேட்பது குடிமக்களின் வேலை. தெருவில் புதிய கால்வாய் வெட்டும்போது, எந்த மணி நேரத்து மழைக்கு, எவ்வளவு பரப்புக்கு, நிலத்தில் எத்தனை பங்கு இன்னும் மண்ணாக இருக்கிறது என்று எண்ணி வெட்டுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளைப் பகுதி சபைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுப்பலாம். விடை தெளிவாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், அடுத்த கார்த்திகைக்குள் மறுபடியும் கேட்க வேண்டும்.