கடலுக்குப் போகும் நீர்

மாங்குளத்தில் வாழும் நமக்கு ஆறு என்றால் கனகராயன் ஆறுதான். மாரியில் அது கலங்கிப் பெருகி வடக்கே ஓடும். இரணைமடுவில் தேங்கிக் கிளிநொச்சி வயல்களை விளைவிக்கும். குளம் வான் பாயும்போது மிகுந்த நீர், ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள சுண்டிக்குளக் கடல்நீரேரியை அடையும். "அந்த நீர் வீணே கடலுக்குப் போகிறது" என்று வகுப்பிலே பல்லாண்டு கற்பித்து வந்தோம்.

ஒருநாள், அக்கரையிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், வெள்ளம் வராத வருஷத்தில் அப்பாவின் வலையில் இறால் இல்லை. அந்த நீர் எப்படி வீணாகும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்கோ விடை வரவில்லை.

விடுமுறையில் அங்கே சென்றோம். கோடை வெயிலில் நீர் வற்றி உப்புப் பூத்திருந்தது. கரையெங்கும் உமரி சிவந்து கிடந்தது. எளிய செடிதான், எனினும் உவரைத் தாங்கி மண்ணைப் பிடித்து நிற்பது அதுவே. மாரி வெள்ளம் உவரைத் தணித்து வண்டலைத் தருகிறது; கடல், இறாற் குஞ்சுகளை அனுப்புகிறது. இவ்விரண்டும் கூடுவதால் அன்றோ அந்தச் சதுப்பு வாழ்கிறது! ஆற்று நீர் நின்றால் உப்பு மிகுந்து உமரியும் கருகும். கடல்வழி அடைபட்டால் உவர் நீங்கிக் கோரையும் சம்பும் படரும், இறாலுக்கு வழியில்லை, பூநாரைக்கு இரையுமில்லை.

யாழ்ப்பாணத்தின் தாகத்தை நாம் மறக்கவில்லை. வற்றாத ஆறில்லாத அக்குடாநாடு நெடுங்காலம் கிணறுகளையே நம்பியிருந்தது. அதனாலேயே பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல், இந்த ஏரியை இரு புறமும் அடைத்து நன்னீராக்கி வடக்கே கொண்டு செல்லத் திட்டம் வகுத்தார். 1960களில் வேலைகள் நடந்தன, சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது, திட்டம் முற்றுப்பெறவில்லை. அதை நிறைவேற்ற வேண்டுமென்ற குரல் இன்றும் எழுகிறது. 1938இல் பறவைச் சரணாலயமான சுண்டிக்குளமோ 2015இல் தேசியப் பூங்காவாயிற்று.

குடிநீர் வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் கணக்கிடுவோர் குடிப்பவரின் பங்கையும் கமக்காரரின் பங்கையும் எழுதும் ஏட்டில், உமரிக்கும் இறாலுக்கும் வலைக்காரருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனை எழுப்பி, "தம்பி, நீ சொன்னதே சரி" என்றோம். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.