பிளாஷை அணைத்த பிறகு

சென்னை சபாக்களில் மார்கழி மாத நாட்டியக் கச்சேரிக்கு முன் ஓர் அறிவிப்பு வரும். செல்போனை அணைத்து வையுங்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். சொல்லி முடித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, பத்தாவது வரிசையிலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். கடவுள் வாழ்த்து மாதிரி இதுவும் தவறாமல் நடக்கிற ஒரு சடங்கு.

அடித்தவருக்கு என்ன படம் கிடைத்தது என்று எட்டிப் பார்த்தால் சிரிப்புதான் வரும். முன்வரிசை மாமாக்களின் தலைகள் பளபளவென்று விழுந்திருக்கும், மேடை கும்மிருட்டாக இருக்கும். கேமராவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன பிளாஷின் வீச்சு சில மீட்டர்தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும் என்பது பள்ளிக்கூட பௌதிகம். பத்தாவது வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் அந்த வெளிச்சம் எங்கேயோ செத்துப்போகிறது.

இதைவிட மோசம், மேடையை எட்டுகிற பெரிய பிளாஷ். ஒற்றைக் காலில் நிற்கும் நடனமணியின் கண்ணில் அது அடித்தால் சில விநாடிக்கு எதிரே இருப்பது எதுவும் தெரியாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒளியமைப்பு செய்கிறவர் ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். தலைவனுக்காகக் காத்திருக்கும் நாயகிக்கு அந்திப் பொழுது மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மஞ்சள் ஒளியை விட்டு, மறுபக்கம் முகத்தை நிழலில் வைத்திருக்கிறார். பிளாஷ் வெள்ளைவெளேரென்று நேர் எதிரிலிருந்து வந்து அந்த நிழலைத் துடைத்துவிடும். மிஞ்சுவது பட்டுப்புடவை கட்டிய பாஸ்போர்ட் போட்டோ.

சரி, பிளாஷை அணைத்தாயிற்று. தலைவலி இப்போதுதான் ஆரம்பம்.

கேமரா வாங்கும்போது கூடவே வரும் லென்ஸை முழுக்க இழுத்து வைத்தால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸோ, பெரிய கம்பெனிகளின் லென்ஸ்களில் விலை குறைந்த ரகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9.7 வரும். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம்! விநாடியில் 12ல் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டிய இடத்தில் 120ல் ஒரு பங்கு போதும். ஜூம் கிடையாது, தூரத்தில் உட்கார்ந்தால் ஆள் சின்னதாகத்தான் தெரிவார். ஆனால் மாணவர் பட்ஜெட்டில் இதைவிட நல்ல செலவு இல்லை. முன்வரிசையில் 85 மில்லிமீட்டர் லென்ஸோடு உட்காருகிறவருக்கு வேறு கஷ்டம். மூன்று மீட்டர் தூரத்தில் எஃப் 1.8ல் தெளிவாக விழுவது ஒரு சாண்கூட இல்லாத ஆழம்தான். நீட்டிய கையின் விரல் தெளிவாக இருந்தால் கண் மங்கிவிடும்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றலாமே என்றால், தாராளமாக ஏற்றலாம். 1954ல் 35 மில்லிமீட்டர் சுருளாக வந்த கோடக் ட்ரை-எக்ஸ் பிலிமின் வேகம் 400. அதைக் கூடுதல் நேரம் டெவலப் செய்து 1600 வரை இழுத்துத்தான் ஒரு தலைமுறையே மேடைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தது. 2007ல் நிக்கான் டி3 வந்தபோது 6400ல் படமெடுக்க முடிகிறது என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இன்றைக்கு நடுத்தர விலைக் கேமராவிலேயே 3200, 6400 எல்லாம் சாதாரணம். புள்ளி விழுமே என்று பயந்து 800லேயே நிறுத்திக்கொண்டு ஆடும் கையை ஆவியாக்குகிறவர்கள்தான் பரிதாபம். புள்ளியைப் பிறகு ஓரளவு குறைக்கலாம். கலைந்துபோன கண்ணை எந்த மென்பொருளாலும் சரியாகத் திருப்பி வாங்க முடியாது.

டிரைபாட், நடுக்கம் குறைக்கும் லென்ஸ் இதெல்லாம்? அவை பிடிப்பது படமெடுக்கிறவரின் கை நடுக்கத்தை மட்டும். ஆடுகிறவரை யார் பிடிப்பது!

கருவி இதோடு முடிந்தது. இனிமேல் வேண்டியது தாளம்.

ஒரு வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். கச்சேரியின் நீளமான உருப்படி, அரை மணிக்கு மேலேயே போகும். ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும். ஜதியில் கால் ஓடும்போது விநாடியில் 250ல் ஒரு பங்காவது வேண்டும், அந்த வெளிச்சத்தில் பல நேரம் அது கிடைக்காது. ஆனால் தீர்மானம் முடிந்து சமத்தில் வந்து இறங்கும்போது உடம்பு அப்படியே நிற்கும். அரை விநாடிதான். அந்த அரை விநாடிக்கு 60ல் ஒரு பங்கு தாராளம். குதிக்கும்போதும் இதே கதைதான். ஏறுவதும் இறங்குவதும் கலங்கும், உச்சியில் ஒரு கணம் உடம்பு தொங்கி நிற்கும். அபிநயத்தில் கண் மெதுவாகத் திரும்பி ஓரிடத்தில் தங்கும். அந்தத் தங்கல்தான் படம்.

நின்ற பிறகு பட்டனை அழுத்தினால் தாமதம். நிற்கப் போகிறது என்று முன்னாலேயே தெரிய வேண்டும். நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன, கேட்கக் காது வேண்டும். ஒரே சொற்கட்டு மூன்று தடவை திரும்பி வந்தால் மூன்றாவதின் கடைசி எழுத்தில் விரல் தயாராக இருக்கும். விநாடிக்குப் பத்து படம் வீதம் சுட்டுத் தள்ளிப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம் என்கிற கட்சியும் உண்டு. பொறுக்கலாம், ஆனால் வீட்டுக்குப் போய் மூவாயிரம் படங்களைப் புரட்டுகிறவருக்கு அன்று என்ன ராகம் பாடினார்கள் என்பதுகூட நினைவிருக்காது.

கறுப்புத் திரை இன்னொரு வில்லன். சட்டத்தில் முக்கால்வாசி கறுப்பாக இருந்தால் கேமரா "ஐயோ இருட்டு" என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். திரை சாம்பலாகும், முகம் சுண்ணாம்படித்த சுவராகும். முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறைக்குப் போகலாம், இல்லையென்றால் அலாரிப்பு நடக்கும்போதே எல்லாவற்றையும் கைமுறையில் வைத்து முடித்துவிடலாம். முகத்துக்கு அளவெடுப்பதுதான் முக்கியம். இருட்டில் விழுந்த புடவை மடிப்பைக் கொஞ்சம் மீட்கலாம், வெளுத்துப்போன நெற்றியை மீட்க முடியாது.

பழைய மஞ்சள் பல்புகள் போய் எல்.இ.டி. வந்த பிறகு புதுத் தொந்தரவு. சிவப்பும் நீலமும் தனியாக அடிக்கும்போது அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு ஒரே வழி, வெள்ளை கலந்த ஒளி வரும்வரை சும்மா இருப்பது.

பிளாஷை அணைத்துவிட்டதால் யோக்கியராகிவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பல கேமராக்களில் போகஸ் பிடிக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி விளக்கு எரியும். அது தனி, அதையும் மெனுவில் தேடி அணைக்க வேண்டும். எடுத்த படத்தை உடனே காட்டும் திரை பின்வரிசைக்காரர் கண்ணில் டார்ச் அடிக்கிறது. பதம் பாடும் நேரத்தில், அரங்கே மூச்சை அடக்கியிருக்கும்போது, கண்ணாடி மேலே ஏறி இறங்கும் 'டக்' சத்தம் எட்டு வரிசைக்குக் கேட்கும். கண்ணாடி இல்லாத புதுக் கேமராக்களில் சத்தமே வராமல் எடுக்கலாம், ஆனால் எல்.இ.டி. வெளிச்சத்தில் அந்த முறை சில நேரம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போட்டுவிடும். முதல் உருப்படியிலேயே ஒன்று எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் செய்து, தேறிய முப்பது படங்களை ஆடியவரிடம் காட்டும்போதுதான் பரீட்சை முடிவு வரும். எடுத்தவர் உயிரை விட்டுப் பிடித்த படத்தை, ஒளியும் நிழலும் கண்ணின் ஈரமும் அப்படியே வந்திருக்கும் படத்தை, அவர் ஒரு விநாடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். அரைமண்டி சரியாக உட்காரவில்லை. முழங்கை ஒரு விரலளவு தொங்குகிறது. "இதை வெளியே போடாதீங்க, ப்ளீஸ்." கொஞ்சம் புள்ளி விழுந்த, சுமாராக வெட்டப்பட்ட இன்னொரு படத்தில் நின்று, "இது ஓகே, முத்திரை சுத்தமா இருக்கு" என்பார். அடுத்த கச்சேரிக்கு அதே படமெடுப்பவர் வந்தால், அவர் கண் முதலில் போவது முழங்கைக்கு.