வடை மேடை

2022 நவம்பர் கடைசியில் மெட்டாலிக்கா புதிய அல்பத்தையும் அதற்கான உலகச் சுற்றுப்பயணத்தையும் ஒன்றாக அறிவித்தது. நாங்கள் பாட்டைப் பற்றிக் கதைத்ததை விட மேடையைப் பற்றித்தான் கூடக் கதைத்தோம். அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: மைதானத்தின் நடுவில் மேடை, சுற்றிவரச் சனம், மேடைக்கு நடுவிலும் சனம். வளையம். "அப்ப உளுந்து வடை" என்றாள் எங்களில் ஒருத்தி. அன்றிலிருந்து எங்களுக்கு அது வடை மேடைதான்.

நாங்கள் நாலு பேர், நாலு பேரும் பொம்பளைப் புள்ளைகள், நாலு பேரும் புல்மோட்டை. ஏஎல் எக்ஸாமுக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. கரண்ட் ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த காலம். இருட்டில் படிக்க ஏலாது என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, அதே இருட்டில் போன் டோர்ச்சை அடித்து, சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மேடை வரைந்தோம். இப்போது கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவள் அப்போதே அளவுத்திட்டம் போட்டுத்தான் வரைவாள். மற்ற மூன்று பேரும் வரைந்தவை எல்லாம் உண்மையிலேயே வடைகள்.

பிரச்சினை டிரம் அடிக்கிறவர். பாடுகிறவர் நடப்பார், கிற்றார் வாசிக்கிறவர்களும் நடப்பார்கள். லார்ஸ் உல்ரிக் என்ன செய்வார்? வளையத்தில் ஓரிடத்தில் இருந்தால், அரைவாசிச் சனம் இரண்டு மணித்தியாலமும் அவருடைய முதுகையும் மற்றப் பக்கத்துத் தூரத்தையும்தான் பார்க்கும். உலகம் முழுக்க ரசிகர்கள் இதையே போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேடை முழுசாச் சுத்தும் என்றாள் ஒருத்தி, ராட்டினம் மாதிரி. தண்டவாளம் போட்டு டிரம்மை மட்டும் இழுப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. நாலு இடத்தில் நாலு டிரம் செட் வைப்பார்கள் என்று மூன்றாவது ஆள் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். யாரும் அப்படிச் சல்லியைக் கரைப்பாங்களா?

2023 ஏப்ரல் 27, ஆம்ஸ்டர்டாம். ஆடி ஆடி எடுத்த துண்டு வீடியோக்களில் பார்த்தோம். வளையத்தின் ஒரு பக்கத்தில் டிரம் செட் மேலே எழும்பியது. சில பாட்டுக்குப் பிறகு அது கீழே போக, வேறு பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. நாலு டிரம் செட்! சிரித்ததற்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும் எங்களில் ஒருவரும் அன்றுவரை ஒரு டிரம் செட்டைக் கிட்ட நின்று பார்த்ததில்லை.

வளையத்தின் நடுவில் சனம் நிற்கிற குழிக்கு அவர்கள் வைத்த பெயர் பாம்புக்குழி. அது 1990களின் தொடக்கத்திலேயே அவர்களிடம் இருந்த விசயம்தான்; இந்த முறை குழியை மேடைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றிவர எட்டுக் கோபுரங்கள், அவற்றில் வீடியோத் திரைகள். அந்தக் கோபுரங்களே மேடையை மறைக்கின்றன என்று பிறகு ரசிகர்கள் முறைப்பட்டார்கள். எங்கள் கொப்பியிலும் ஒரு படத்தில் நாலு தூண்கள் இருந்தன. தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆளை நாங்களும் யோசிக்கவில்லை.

இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, டிக்கெட் வாங்கவே போகாத ஆட்கள், என்னத்துக்கு இதில் மண்டையைப் போட்டுக் குழப்பினோம்? கொப்பியைத் திரும்பப் புரட்டியபோதுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஓரிடத்தில் நாலு புள்ளி இருந்தது. அது நாங்கள். மேடையை வரைந்து முடித்தவுடன் நாங்கள் செய்த வேலை, எங்களுக்கு ஓர் இடம் பிடிப்பது.

எங்கட ஊரில் எங்களுக்கு இடம் எங்கே என்பது முதலே முடிவானது. பயானுக்குப் போனால் திரைக்குப் பின்னால். கலியாண வீட்டில் அடுத்த மண்டபம். குரல் வரும், ஆளைக் காணக் கிடைக்காது. முன்னுக்கு ஆம்பிளைகள் சிரித்தால், என்ன நடந்தது என்று தெரியாமலே நாங்களும் கொஞ்சம் பிந்திச் சிரிப்போம். இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் நடக்கிற பகிடி முன்னுக்கு இருக்கிறவர்களுக்கு ஒருநாளும் விளங்காது. ஆனால் ஸ்டேடியத்தின் கடைசி வரிசை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சத்தம் ஒரு வினாடியில் 340 மீற்றர் அளவு போகும். 100 மீற்றர் பின்னால் நிற்கிறவருக்குக் கிட்டத்தட்ட 0.3 வினாடி பிந்தித்தான் பாட்டு வரும். அதனால் பின்னுக்கு வைக்கிற ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே அந்த அளவுக்குப் பிந்த வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே சொல் ரெண்டு தரம் கேட்கும். பள்ளியின் கிட்ட உள்ள ஸ்பீக்கரும் தூர உள்ள ஸ்பீக்கரும் ஒரே பாங்கைச் சொல்லும்போது கேட்டிருப்பீர்கள்.

தேடிக்கொண்டு போனதில் மார்க் ஃபிஷர் என்ற கட்டடக்கலைஞரிடம் போய் முட்டினோம். 1980இல் பிங்க் ஃபுளாய்ட் 'தி வோல்' நிகழ்ச்சியை நடத்தியபோது, அதன் மேடையை உருவாக்கியவர்களில் ஒருவர். அது விசித்திரமான மேடை. நிகழ்ச்சி நடக்க நடக்க, கார்ட்போர்ட் கல்லால் இசைக்குழுவுக்கும் சனத்துக்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்புவார்கள். முதற்பாதி முடியும்போது சுவர் முழுசாக மூடிவிடும். சல்லி கட்டி வந்த சனம் சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்கும். 1977இல் மொன்றியலில் ஒரு நிகழ்ச்சியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் மேல் ரோஜர் வோட்டர்ஸ் துப்பிவிட்டார். தனக்கும் இந்தச் சனத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்துதான் அவருக்கு வந்தது. இதை வாசித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருக்குச் சுவர் ஒரு யோசனை. எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை.

அதே ஃபிஷர்தான் 29 வருசத்துக்குப் பிறகு யூ2 குழுவின் 360 பாகை மேடையில் வில்லி வில்லியம்ஸுடன் சேர்ந்து வேலை செய்தார். சுவர் எழுப்பிய ஆள் இப்போது எல்லாப் பக்கத்தையும் திறந்துவிட்டார். நாலு பிரமாண்டமான கால், நடுவில் கூம்பு, உயரம் 50 மீற்றர் அளவு. எங்கள் வளவுத் தென்னை ரெண்டை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டுமோ தெரியாது. ஸ்பீக்கர், லைற், திரை எல்லாம் அந்தக் காலில் தொங்கியதால் மேடையைச் சுற்றித் தூண் தேவைப்படவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் உள்ள வளைவுக் கால் கட்டடம்தான் அந்த வடிவத்துக்கு மூலம். 2009 ஜூன் 30 பார்சலோனாவில் முதல் நிகழ்ச்சி. அதற்கு முன்னமே படங்கள் கசிந்து, ரசிகர்கள் சிலந்தி என்றும் விண்கப்பல் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். நகம் என்ற பெயர்தான் நிலைத்தது. கொக்கிளாய்க் களப்புப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அது நண்டு. ரெண்டு வருசத்தில் 110 நிகழ்ச்சி, 70 லட்சத்துக்கும் கூடுதலான டிக்கெட். ஒரு நண்டு ஓர் ஊரில் நிற்கும்போது மற்றது அடுத்த ஊரில் எழும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக மூன்று செய்தார்கள். அதில் ஒன்று இப்போது அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு மீன் காட்சியகத்தின் முற்றத்தில் நிற்கிறது.

(ஊர்ப் பெருமை ஒன்று. எங்கட கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு ரூட்டைலும் உண்டு. ரூட்டைல் வெல்டிங் குச்சியின் பூச்சில் சேர்க்கிற சாமான். அப்ப அந்த நண்டின் காலை ஒட்டியதில் எங்கட மண் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று ஒருத்தி சாதித்தாள். ஆதாரம் கேட்டோம். "மண்ணுல பேர் எழுதியா அனுப்புறாங்க?" என்றாள்.)

2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் ஸ்பியர் திறந்தபோது எங்கள் ஊகம் எல்லாம் தோற்றது. தலைக்கு மேலால் வளைந்து மூடுகிற திரைக்குள்ளே மேடை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்தோம். யூ2 வந்து நின்றது ஒரு ரெக்கோர்ட் பிளேயர் வடிவ மேடையில். பிரையன் ஈனோவின் ஒரு கலைப்பொருளைப் பார்த்துச் செய்தது, அவ்வளவுதான். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு 2024 பெப்ரவரி 9 வந்தது. யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சி. அது ரொக் இல்லை, எங்களுக்குப் பரவாயில்லை. எங்கள் நாலு புள்ளியையும் கொப்பியிலிருந்து வெளியே எடுத்து ஒரு மைதானத்தில் வைக்கக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். கெம்பஸ் தொடங்கக் காத்துக்கொண்டிருந்த நாட்கள். வேன், கூட வர ஒரு சாச்சி, தங்க ஒரு வீடு எல்லாம் கதைத்து, கடைசியில் வாப்பாமார் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்து போனில் பார்த்தோம். முன்னுக்குக் கட்டணம் கட்டியவர்களின் பகுதி, பின்னுக்கு மற்றச் சனம், நடுவில் தடுப்பு. பின்னால் நின்ற சனம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தது. நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது, சிலர் காயப்பட்டார்கள்.

அந்த வீடியோ எங்கட வீட்டு வட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு கிழமை சுற்றியது. ஒவ்வொரு தரமும் கீழே ஒரே வசனம்: "நல்ல வேளை அனுப்பல்ல." நாங்கள் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் சொன்னது சரிதான் என்பதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் போயிருந்தால் பின்னால்தான் நின்றிருப்போம். தள்ளுப்பட்டிருப்போம், அல்லது தள்ளியிருப்போம். ரெண்டுக்கும் வாய்ப்பு இருந்தது.

இந்த நாட்டில் ஒரு பெண் மேடைக்குக் கிட்டப் போனால் எவ்வளவு பெரிய விசயமாகும் என்பதற்கு எங்கட வீட்டில் இன்னுமொரு உதாரணம் உண்டு. 2015 டிசம்பரில் கொழும்பில் என்ரிக் இக்லேசியஸ் பாடியபோது பெண்கள் மேடையில் ஏறி அவரை முத்தமிட்டார்கள். அதற்கு அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேணும் என்றார். மற்ற ஊர்களில் அது பகிடி. திருக்கை இறங்குகிற கரையில் வளர்ந்த புள்ளைகளுக்கு அந்த வாலின் முள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

2024 ஜூனில் வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட் கிளாஸ்டன்பரியில் வாசித்தார்கள். இந்தோனேசியாவின் காருட் பக்கத்து மூன்று பெண்கள், ஹிஜாபோடு மெட்டல் வாசிக்கிறவர்கள். அந்த மேடையில் என்ன இருந்தது, திரை எத்தனை, ஸ்பீக்கர் எங்கே தொங்கியது என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. வீடியோவை எத்தனை தரம் பார்த்தோம் என்று கேட்டால் சொல்வோம். மேடையையே பார்க்காமல் விட்ட ஒரே தரம் அதுதான்.

போன லீவில் ஊரில் கொப்பியைத் திரும்ப எடுத்தோம். இந்த முறை மெட்டாலிக்காவுக்கு இல்லை. ஊரில் ஒரு வாசிப்பும் பாட்டுமாக ஒரு பின்னேரம் செய்யலாமா என்று ஒரு யோசனை, பொம்பளைகளும் வருகிற மாதிரி. புவியியல்காரி மைதானத்தை அடியால் அளந்து வந்து, நடுவில் ஒரு சின்ன வளையம் போட்டாள். வளையத்துக்குத் திரை எந்தப் பக்கம் கட்டுவது என்று ரெண்டு நாள் சண்டை. சுற்றிவரச் சனம் இருந்தால் முன்பக்கம் என்று ஒன்றில்லை, பின்பக்கமும் இல்லை. திரையைக் கட்ட ஒரு பக்கம் கிடைக்கவில்லை என்பதுதான் எங்கட திட்டம். அதைப் பெரியாக்களிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு கதை.

படத்தை உம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல் பார்த்தா. திரையைக் கேட்பா என்று பயந்துகொண்டு நின்றோம். கேட்கவில்லை.

"வழி எங்க?"

"என்ன வழி?"

"கைப்புள்ளையோட வந்தவ, புள்ள அழுதா எப்படி வெளிய போற? இது எல்லாப் பக்கமும் ஆக்கள் அடைச்சிக் கிடக்கே."

கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். ராட்டின மேடை, தண்டவாள மேடை, நாலு டிரம் வடை, நண்டு. மூன்று வருசத்து ஊகங்கள். நாலு புள்ளி எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றிலும் வாசல் இல்லை.

உம்மா பென்சிலை வாங்கி வட்டத்தை நாலு இடத்தில் அழித்தா. ஒரு வாசலுக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு புள்ளி வைத்தா. "டொய்லட்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. அதற்கு இன்னும் இடம் பிடிக்க முடியவில்லை.