ராஜினாமா தீபாவளிக்கு அப்புறம்

அம்பத்தூர், வெங்கடாபுரம்
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பின ஓமான் வேலை ஒப்பந்தத்தின் பதினாலு பக்கத்தையும் போனில் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்ததில் கண் வலிதான் மிச்சம். நேற்று ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தைப் பார்த்த கடைப் பையன், "சார், திரும்பவும் ஃபாரினா?" என்றான். எனக்கில்லை, அண்ணன் பொண்ணுக்கு என்றேன். என்னைவிட அவனுக்குத்தான் நிம்மதி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் பேச ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்திலிருந்து குறுக்கே விழுவார். டேங்க் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் குவாட்டர்ஸ், கேன்டீன், பி.எஃப்., பென்ஷன் என்று இருந்த மனுஷனுக்குக் கான்ட்ராக்ட் என்ற வார்த்தையே ஆகாது. அதனால்தான் காகிதத்தில்.

போகலாமா வேண்டாமா என்று கேட்டாய். போ. பூந்தமல்லி காலேஜில் நாலு வருஷமாக 32,000-க்கு நீ முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் லேப் ரெக்கார்டு திருத்தினதோடு, ஞாயிற்றுக்கிழமை அட்மிஷன் டியூட்டியும் பார்த்தது போதும். அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்றால் 25,000, அதுவும் வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான். யு.ஜி.சி. ஏழாவது ஊதியக் குழுவில் உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 என்று போட்டு வைத்திருக்கிறது. அந்த நாற்காலிக்காகக் காத்திருந்தே உனக்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

ஆனால் "மாசம் ஒன்றரை லட்சம் சித்தப்பா" என்றாயே, அது ஒன்றரை லட்சம் இல்லை. நாலாம் பக்கத்தை எடு. மொத்தம் 650 ரியால். ரியாலுக்கு 230 ரூபாய் என்று வைத்தால் 1,49,500, சரிதான். கீழே பொடி எழுத்தில் "கல்வியாண்டு என்பது பத்து மாதம்" என்று இருக்கிறதே, பார்த்தாயா? ஜூலையும் ஆகஸ்டும் சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு 6,500 ரியாலைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,25,000-க்குக் கொஞ்சம் குறைவு. சலாலாவில் அந்த இரண்டு மாதம்தான் கரீஃப் மழை பெய்து மலையெல்லாம் பச்சையாக இருக்கும், வளைகுடா முழுக்க அங்கே சுற்றுலா வரும். நீ மட்டும் அம்பத்தூர் வெயிலுக்கு வந்து சேர்வாய்.

இன்னொன்று, அந்த 650-ஐ எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது. அடிப்படை 300, வீட்டுக்கு 200, போக்குவரத்துக்கு 60, "இதர" என்று 90. இதர என்றால் என்ன என்று யாரும் எழுதவில்லை. அடிப்படையை ஏன் இவ்வளவு ஒல்லியாக வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஓமானில் 2023-ல் வந்த தொழிலாளர் சட்டப்படி, வேலையை விட்டு வரும்போது ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. மொத்தச் சம்பளம் கணக்கில் வராது. அடிப்படை 450 என்று மாற்றி வாங்கினாயானால் கையில் வரும் காசு அதேதான், கம்பெனிக்கு அன்றைக்குப் பத்துப் பைசா கூடுதல் செலவில்லை. ஐந்து வருஷம் கழித்து 750 ரியால் வித்தியாசம், நம் காசில் 1,72,500. கையெழுத்துப் போட்ட பிறகு ஒருத்தரும் மாற்றித் தர மாட்டார்கள். இப்போது கேள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நிஸ்வாவில் நாலு வருஷம் இருந்தேனே, 2013-லிருந்து 17 வரை. நான் பாடம் நடத்தினது கல்லூரியில், எனக்கு முதலாளி ஆள் சப்ளை செய்த ஒரு கம்பெனி. ஒவ்வொரு செப்டம்பரும் புது ஒப்பந்தம், பத்து மாதம். கிளம்பும்போது கிராஜுவிட்டி கேட்டேன். அப்போதிருந்த 2003-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு வருஷம் நிரம்பாதவருக்கு அது கிடையாது. "உங்களுக்கு எந்தத் தடவையும் ஒரு வருஷம் நிரம்பவில்லையே சார்" என்று அந்தக் கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னான். மலையாளி, நல்ல பையன், டீ கூட வாங்கிக் கொடுத்தான். நாலு வருஷத்துக்கு நான் வாங்கின கிராஜுவிட்டி அந்தக் கட்டன் சாயாதான்.

வேறு கல்லூரியில் நேரடி வேலை கிடைத்தது. கம்பெனி என்.ஓ.சி. கொடுக்கவில்லை. அது இல்லாமல் வேலையை விட்டால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப விசா கிடைக்காது என்ற விதியை 2014-ல் இறுக்கியிருந்தார்கள். ஊருக்கு வந்து கொரட்டூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் உட்கார்ந்தேன், உனக்கு நினைவிருக்கும். உன் நல்ல காலம், 2021 ஜனவரியிலிருந்து அந்த என்.ஓ.சி. தொல்லை இல்லை, ஒப்பந்தம் முடிந்தால் இடம் மாறலாம். அதனால்தான் ஒப்பந்தக் காலத்தை இரண்டு வருஷம் என்று போட்டிருப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

நிஸ்வா ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து மேசை ஓர் இங்கிலாந்துக்காரர். பி.ஏ. வரலாறு படித்தவர், அதற்கு மேல் நாலு வாரம் படிக்கும் செல்டா சான்றிதழ். தங்கமான மனுஷர். வினாத்தாள் தயாரிக்கிற அன்று நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்து, இந்த வாக்கியத்தில் 'விச்' வருமா 'தட்' வருமா என்று கேட்பார். எம்.ஏ., எம்.ஃபில்., இருபது வருஷ அனுபவம் உள்ள எனக்கு வந்தது அவர் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. காரணம் பாஸ்போர்ட்டின் நிறம். ஓமான் மட்டும் அப்படி என்று நினைக்காதே. கொரியாவில் ஆங்கிலம் சொல்லித்தரும் விசா அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். 2010-ல் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கும் ஒரு கதவைத் திறந்தார்கள், 'உதவி' ஆசிரியர் என்ற பெயரில். எனக்கு அந்த 'உதவி' இன்னும் செரிக்கவில்லை. நீ செல்டா படித்துவிட்டால் அடுத்த தடவை பேரம் பேச ஒரு துருப்பாவது இருக்கும்.

அப்பா உன்னிடம் "எத்தியோப்பியாவில் உன் சித்தப்பன் பட்டது போதாதா" என்றாராமே. அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஹைலே செலாஸி காலத்திலேயே கேரளத்து வாத்தியார்கள் அங்கே பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்தார்கள். 2000-க்குப் பிறகு வரிசையாகப் புதுப் பல்கலைக்கழகங்களைத் திறந்தபோது என்னைப் போன்றவர்கள் போனோம். எக்மோரில் ஒரு ஓட்டலில் இன்டர்வியூ, இருபதே நிமிஷம். அடிஸ் அபாபாவிலிருந்து 350 கிலோமீட்டர் தள்ளி ஜிம்மா, காபிச் செடி ஊர். முதல் நாள் "இரண்டு மணிக்கு வகுப்பு" என்றார்கள். சாப்பிட்டு, சட்டை இஸ்திரி போட்டு, மத்தியானம் இரண்டுக்குப் போய் நின்றேன். அங்கே சூரியன் உதிப்பதிலிருந்து மணி எண்ணுவார்கள், நம் தாத்தாக்கள் நாழிகை எண்ணின மாதிரி. அவர்கள் சொன்ன இரண்டு, காலை எட்டு. வகுப்பறையில் ஒரு பையன் மட்டும், "டீச்சர், நாங்கள் காத்திருந்தோம்" என்று சொல்வதற்காகவே உட்கார்ந்திருந்தான்.

அந்த நாட்டுக் காலண்டரில் பதின்மூன்று மாதம். கடைசியாக வரும் பகுமே ஐந்து நாள், சில வருஷம் ஆறு. அதற்குச் சம்பளம் கிடையாது, முப்பது நாள் மாதத்துக்குத்தான். வாடகையும் இன்ஜெரா ரொட்டியும் அந்த ஐந்து நாளும் உண்டு! அது சின்ன விஷயம். பெரிய அடி 2010 செப்டம்பரில். சம்பளத்தில் ஒரு பங்கு டாலர், மிச்சம் அந்த நாட்டுப் பணமான பிர். பிர்ரை டாலராக மாற்ற வங்கி லேசில் விடாது, சேர்ந்துகொண்டே போனது. ஒரு காலையில் அரசாங்கம் பிர்ரின் மதிப்பைக் குறைத்தது, என் சேமிப்பில் ஆறில் ஒரு பங்கு காணோம். போன வருஷம் ஜூலையில் இன்னும் மோசம்: டாலருக்கு 57 பிர் இருந்தது சில வாரத்தில் நூறைத் தாண்டிவிட்டது. ஓமான் ரியாலுக்கு அந்தப் பயம் இல்லை. 1986-லிருந்து டாலரோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு ரியாலுக்கு 2.6 டாலர்.

என்னோடு எக்மோரில் வரிசையில் நின்ற நண்பர் ஜிம்மா சம்பளம் குறைவு என்று லிபியா போனார். 2011 பிப்ரவரியில் கலவரம் வெடித்து, நம் அரசாங்கம் 15,000-க்கும் மேற்பட்டவர்களை விமானத்திலும் கப்பலிலும் அழைத்து வந்ததில் அவரும் ஒருவர். கையில் ஒரு பை. மூன்று மாதச் சம்பளம் அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே பணத்தை அங்கே சேர்த்து வைக்காதே, மாதா மாதம் என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பிவிடு. அந்த வட்டிக்கு இங்கே வரியும் இல்லை.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. ஏஜென்ட் 80,000 கேட்கிறான் என்றாயே, சட்டப்படி 30,000-மும் ஜி.எஸ்.டி.யும்தான். இ-மைக்ரேட் தளத்தில் அவன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. "சிங்கிள் ஸ்டேட்டஸ்" என்று போட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு டிக்கெட்டும் இன்சூரன்ஸும் வராது. பிள்ளைப்பேறு விடுப்பு பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. அது பரவாயில்லை, ஓமான் சட்டத்தில் 98 நாள் இருக்கிறது. (சித்தி இதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.)

கடைசியாக நம்மூர் சங்கதி. உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இன்னும் காலேஜ் பீரோவில்தானே? அது இல்லாமல் அட்டெஸ்டேஷனும் நடக்காது, அப்போஸ்டிலும் கிடைக்காது. "வங்கிக் கடனுக்குக் கேட்கிறார்கள்" என்று சொல்லி முதலில் வெளியே எடு. பொய் சொல்லச் சொல்கிறேனே என்று பார்க்காதே, பூட்டி வைத்தது அவர்கள் தப்பு.

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அவசரப்பட்டு நாளைக்கே கொடுத்துவிடாதே. நீ சேர்ந்தது 2021 ஜூன் 7. இங்கே கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும், ஆனால் நாலு வருஷமும் ஐந்தாவதில் 240 நாளும் ஆனால் போதும் என்று மெட்ராஸ் ஐகோர்ட் 1998-லேயே சொல்லியிருக்கிறது. வாத்தியார்களுக்கு இது பொருந்தாது என்று தனியார் பள்ளிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022-ல் தோற்றார்கள். உனக்கு 240 நாள் பிப்ரவரி 1-ஆம் தேதி முடிகிறது. உன் அடிப்படை 20,000-க்குக் கணக்குப் போட்டால் 57,692 ரூபாய். நோட்டீஸ் மூன்று மாதம். இன்றைக்குக் கடிதம் கொடுத்தால் ஜனவரி 12-ல் வெளியே போய்விடுவாய், ஒன்றும் கிடைக்காது. நவம்பர் 10-ஆம் தேதி கொடுத்தால் பிப்ரவரி 10. சலாலாவில் உன்னைக் கேட்பது பிப்ரவரி 15-க்கு. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு எண்ணுவோம் என்று ஆபீஸில் வம்பு பண்ணலாம், பண்ணட்டும், எழுத்தில் கேட்டு வாங்கு.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையோடு வா. பென்சில் குறி போட்ட பதினாலு பக்கமும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய மெயிலை இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிவிடலாம்: அடிப்படை 450, பன்னிரண்டு மாதம், "இதர" என்றால் என்ன. அப்பாவையும் கூட்டி வந்தால் கிராஜுவிட்டிப் பகுதியை அவரே வாசிக்கட்டும், அது அவருக்குப் பிடித்த பாடம். சித்தி அதிரசத்துக்கு மாவு கிளறப்போகிறாளாம், வெல்லம் ஆவடி மார்க்கெட்டிலிருந்து அரைக் கிலோ வாங்கி வா, இங்கே கிடைப்பது கறுப்பாக இருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா