காருகுறிச்சியாரும் இரண்டு மரப்பெட்டிகளும்

ஒலிபெருக்கி என்றால் ஓட்டப்பிடாரத்துப் பக்கத்தில் அது கோயில் கொடைக்கு வேப்பமரத்தில் கட்டும் கூம்புதான். வீட்டுக்குள் கேட்க ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கவேண்டும், அவற்றை நிறுத்த இரும்பில் ஸ்டாண்டும் செய்யவேண்டும் என்று நாங்கள் பேசத் தொடங்கியபோது, சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா கேட்டார்: "கொடையா நடத்தப் போறிய?"

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். அப்பா என்பவர் எங்களில் ஒருவருக்கு மாமா. எண்பதைக் கடந்துவிட்டார். இரண்டாண்டுகளாகச் செவி மங்கி வருகிறது. முதுமையில் கேள்விப்புலன் மேலிருந்துதான் தேயும். உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் போகும். பேச்சில் 'ச', 'த' போன்ற எழுத்துகள் நழுவும். இனித் திரும்பாது, மெல்ல மெல்ல இன்னும் குறையும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காதில் பொருத்தும் கருவி பேச்சுக்கு உதவுகிறது. ஆனால் அது பேச்சை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. நாகசுரத்தை அதன் வழியே கேட்டுவிட்டு, "தகரத்துல ஆணி வச்சுக் கீறுதான்" என்று கழற்றி வைத்தார். ஆகவே எங்களுக்கு அவசரம் இருந்தது.

அவர் கேட்க விரும்பியது ஒருவரைத்தான். காருகுறிச்சி அருணாசலம். 1921இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964இல் நாற்பத்து மூன்று வயதுக்குள் மறைந்தவர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததைக் கொண்டே பலரும் அவரை அறிவார்கள். அப்பாவுக்கு அந்தப் பாட்டு ஒரு பொருட்டே அல்ல. பதினாறு பதினேழு வயதில் கோவில்பட்டிக் கல்யாணம் ஒன்றில், பந்தலுக்கு வெளியே நின்று, விடியும்வரை நேரில் கேட்டவர் அவர்.

காது மருத்துவருக்காகச் சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் போன அந்தப் பயணத்திலேயே அப்பாவை ஓர் ஒலிக்கருவிக் கடைக்கும் கூட்டிச் சென்றோம். நான்கு சோடிகளை வாசித்துக் காட்டினார்கள். கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த அறை; மெதுவாகப் பாடும் மேனாட்டுப் பெண்குரல். எல்லாமே அழகாகத்தான் கேட்டது. நாங்கள் கொண்டுபோன நாகசுரப் பதிவைப் போட்டதும் இரண்டு சோடிகள் கூசவைத்தன. காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தோம். இத்தகைய சிறு பெட்டிகளில் பெரிய கூம்பான வூஃபர் தன் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கும் இடம் பெரும்பாலும் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் அளவில் வரும். சீவாளியிலிருந்து எழும் நாகசுரத்தின் மேற்சுரங்கள் செறிந்திருப்பதும் அவ்விடத்தில்தான். ஒப்படைப்பில் சிறு பிசகிருந்தாலும் பெண்குரல் அதை மறைத்துவிடும், நாயனம் மறைக்காது.

அப்பாவின் முகம் தெளிந்தது மூன்றாவது சோடியில். பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ என்ற வடிவத்தின் வழி வந்தது அது. 1970களின் தொடக்கத்தில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான உட்புறத்துக்காக அந்நிறுவனத்துப் பொறியாளர்கள் வகுத்த பெட்டி. உயரம் ஓரடி, அகலம் 19 சென்டிமீட்டர், பின்னால் துளையில்லாமல் முற்றிலும் மூடியது. ஒலியரங்கில் ஒருவரைப் பேசவைத்து, அந்தக் குரலையும் ஒலிபெருக்கியில் வரும் குரலையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிடுவது அவர்களது வழக்கம். நாங்களும் அதையே செய்தோம். கோவில்பட்டிக் கல்யாணக் கதையை அப்பா சொல்ல, அலைபேசியில் பதிந்து எல்லாச் சோடிகளிலும் வாசிக்கச் செய்தோம். ஆள் எதிரே அமர்ந்திருக்க, ஒன்றில் அவர் பீப்பாய்க்குள்ளிருந்து பேசினார். ஒன்றில் மூக்கால் பேசினார். மூன்றாவதில் மட்டும் அப்பாவாகவே பேசினார். கடைக்காரர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வகைப் பெட்டிக்கு இரண்டு குறைகள். மின்திறனை அதிகம் கேட்கும். ஒலி குறைவாகத் தரும் (பொதுவாகவே 10 டெசிபல் கூட்ட வேண்டுமானால் பத்து மடங்கு மின்திறன் தேவை). அடுத்தது, அடிநாதம் போதாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு முதற்குறை பொறுக்கக்கூடியது என்று முடிவு செய்து, ஒருவர் பயன்படுத்திய சோடியை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தோம்.

ஸ்டாண்டு செய்ததுதான் பெரிய கதை. ட்வீட்டர் கேட்பவரின் காது மட்டத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. கடையில் கிடைக்கும் 24 அங்குல ஸ்டாண்டு நாற்காலிக்காரர்களின் கணக்கு. நாங்கள் பாயில் அமர்பவர்கள். அப்பாவோ மூட்டுவலியால் நாற்காலியை விட்டு இறங்காதவர். யாருடைய காது? அப்பாவுடையது என்றாயிற்று, நாங்கள் முக்காலிக்கு மாறினோம். வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்து வாங்கினோம். அதிர்வு அடங்க உள்ளே மணல் நிரப்பவேண்டும். தூத்துக்குடியிலிருந்து கடல் மணல் கொண்டுவரவா என்றார் ஒரு நண்பர். உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று பட்டறைக்காரர் தடுத்தார். எங்கள் கரிசல் மண்ணோ ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்து, கடலை வறுக்கும் சட்டியில் ஈரம் போக வறுத்துக் கொட்டினோம். அண்டை வீட்டார் என்ன நினைத்தார்களோ.

அறையில் கைதட்டினால் தளத்துக்கும் தரைக்குமாக ஒலி படபடத்தது. பவானி ஜமக்காளத்தை விரித்து, புத்தக அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியதும் பெரும்பகுதி அடங்கிற்று.

முதல் நாள் மாலை வாசித்த பதிவு மோனோ. இரு பெட்டிகளும் ஒத்திருந்ததால் நாயனம் நட்ட நடுவில், சுவரில் ஆள் நிற்பதுபோல் நின்றது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தவுல்ல தொப்பியக் காணமே" என்றார்.

உண்மைதான். தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த நாதத்தை அந்தச் சிறு பெட்டியால் தரமுடியாது. மேல் ஒலிகளை இழந்துவரும் ஒருவருக்கு, கீழ் ஒலிகளில் குறையுள்ள ஒன்றை நாங்கள் தேர்ந்து கொடுத்திருக்கிறோம். அடிநாதத்துக்கென்று தனியே ஒரு பெட்டி சேர்க்கலாமா என்று கேட்டோம். "வேண்டாம், நாயனம் சரியா இருக்கு" என்றுவிட்டார். இப்போதெல்லாம் தொப்பி விழவேண்டிய இடங்களில் நாற்காலியின் கைப்பிடியில் அவரே தட்டிக்கொள்கிறார்.