பச்மரிக்குப் பரிவாரத்துடன்

மே மாதம் பிறந்தால் மற்ற வீடுகளில் ஊட்டிக்குப் போவதா, கொடைக்கானலுக்குப் போவதா என்று பேச்சு நடக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சங்கடமே கிடையாது. இவர் பள்ளிக்கூட ஆசிரியர். போதாக்குறைக்குச் சாரண ஆசிரியரும்கூட. லீவு விட்டதும் காக்கி உடுப்பு, ஸ்கார்ப், விசில், கயிற்றுச் சுருள் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வரும். இவர் முகாமுக்குப் புறப்படுவார். நானும் குழந்தைகளும் வாசல் வரை வந்து வழியனுப்புவோம். கல்யாணமான பதினொரு வருஷத்தில் ஒன்பது கோடை இப்படியே போயிற்று.

சென்ற கோடையில் பச்மரிக்கு வரும்படி இவருக்கு அழைப்பு வந்தது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில், சாத்பூரா மலைமேல், 1956-ல் ஏற்பட்டது. சாரணத் தலைவர்களுக்கான "ஹிமாலய வுட் பாட்ஜ்" பயிற்சி. கடிதத்தைப் படித்த சந்தோஷத்தில், "நல்ல குளிர்ச்சியான ஊராம்" என்று இவர் வாயைக் கொடுத்துவிட்டார்.

"அப்படியானால் நாங்களும் வருகிறோம்" என்றேன்.

"முகாமுக்குக் குடும்பத்தை எப்படி அழைத்துப் போவது?"

"முகாமில் இடம் யார் கேட்டது? ஊரில் விடுதி இல்லாமலா போய்விடும்?"

கோயம்புத்தூரில் ஏறினால் இடார்ஸி வரை ஒரு ரயில்; அங்கே மாறி, ஜபல்பூர் மார்க்கத்தில் பிபரியா வரை இன்னொன்று. புளிசாதம், பருப்புப்பொடி, கடலை உருண்டை என்று இரண்டு கூடை நிறைய எடுத்துக்கொண்டோம். சிறுவாணித் தண்ணீரையும் ஒரு பெரிய கேனில் பிடித்து வைத்தேன். அது நாகபுரி வருவதற்கு முன்பே தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும் என் பிள்ளைகள் முகத்தைச் சுளித்ததைப் பார்க்க வேண்டுமே! கோயம்புத்தூர்க்காரர்களிடம் உள்ள கர்வம் இது ஒன்றுதான் என்பேன்.

ரயிலில் எங்களுக்கு எதிரே கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து ஆசிரியை ஒருத்தி. சாரணியர் பிரிவுக்குத் தலைவி. அவளும் பச்மரிக்குத்தான் பயிற்சிக்குப் போகிறாள். கூடவே அவள் தாயாரும், பதினொரு மாதக் கைக்குழந்தையும். "ரெண்டு தடவை பேர் வந்தும் போக முடியலைங்க அக்கா. ஒரு தடவை கல்யாணம், ஒரு தடவை பிரசவம். இந்தத் தடவை அம்மா குழந்தையைத் தூக்கிட்டுக் கூடவே வர்றேன்னாங்க. அதனாலேதான் வர முடிஞ்சுது" என்றாள்.

இவர் உடனே உற்சாகமாகி, அமெரிக்காவைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நியூ மெக்ஸிகோவில் பில்மான்ட் என்று ஓர் இடம் உண்டாம். வெயிட் பிலிப்ஸ் என்ற எண்ணெய்க் கிணற்றுச் செல்வந்தர் 1938-லும் 1941-லும் லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலையையும், தம் சொந்த மாளிகையையும் சாரணர்களுக்குத் தானமாகக் கொடுத்தாராம். அங்கே 1950 முதல் தலைவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. தலைவர் பாடம் கேட்கும் நேரத்தில் மனைவிக்கு மலை ஏற்றம், கைவேலை. குழந்தைகளுக்கு வயதுவாரியாகப் பிரித்துத் தனித்தனி நிகழ்ச்சிகள். சின்னஞ் சிறிசுகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு.

"இத்தனையும் தெரிந்துகொண்டா ஒன்பது வருஷம் எங்களை வாசலோடு நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். எதிர் ஸீட்டுப் பாட்டி பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

பிபரியாவில் இறங்கினபோது அனல் அடித்தது. ஜீப் மட்குலியைத் தாண்டி, தேன்வா நதிப் பாலத்தைக் கடந்து, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற ஏறக் காற்று மாறிற்று. பச்மரியின் உயரம் 1067 மீட்டர்தான். நம் ஊட்டியில் பாதிகூட இல்லை. ஸ்வெட்டர் எல்லாம் எடுத்துப் போனவள் நான் ஒருத்திதான். ஆனால் சால மரமும் மாமரமும் நாவல் மரமும் அடர்ந்த நிழல் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். 1857-ல் கேப்டன் பார்ஸைத் என்பவர் கண்ணில் இந்த இடம் பட்ட பிறகுதான் வெள்ளைக்காரர்கள் வாசஸ்தலம் ஆயிற்றாம். இன்றும் பாதி ஊர் ராணுவத்தினுடையது. ராணுவ பாண்டு வாத்தியக்காரர்கள் சங்கீதம் பயிலும் பள்ளியும் இங்கேதான்.

இவரும் அந்த ஆசிரியையும் அவரவர் மூட்டையுடன் பயிற்சி நிலையத்துக்குள் போய்விட்டார்கள். எங்களுக்கும் பாட்டிக்கும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிற்பாடு இவர் சொல்லித்தான் அறிந்தேன். தலை நரைத்தவர்களையும் எட்டு எட்டுப் பேராக அணி பிரித்துச் சிறுவர்களைப் போலவே நடத்துவார்கள். கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, விறகு பொறுக்கி அடுப்பு மூட்டுவது, முறை வைத்துச் சமைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் உண்டு. பேடன்-பவல் பிரபு 1919-ல் லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் தொடங்கி வைத்த முறை இது. தேறியவர்களுக்குத் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மர மணிகள் கிடைக்கும். அந்த இரண்டு மணிக்கு இவ்வளவு ஆசையா என்று நான் கேலி செய்வதுண்டு. நம் கழுத்தில் இருப்பதும் கயிறும் மணியுந்தானே என்பார்.

வீட்டில் காபி டம்ளரைக்கூட நகர்த்தாதவர், அங்கே முப்பது சப்பாத்தி சுட்டாராம்! அணியிலிருந்த வடநாட்டு நண்பர்களுக்கு நம் அரிசியும் பருப்புஞ் சாதம் வடித்துப் போட்டாராம். நெய்க்குப் பதில் என்ன ஊற்றினார் என்று மட்டும் சொல்ல மறுக்கிறார்.

மூன்றாம் நாள் இரவு பாட்டி கதவைத் தட்டினார். குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. விடுதிக்காரர் ஜீப் எடுத்தார், டாக்டரிடம் ஓடினோம். மருந்து கொடுத்து, ஈரத் துணி போடச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது, "முகாமுக்குச் சொல்லி அனுப்பலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அம்மிணி. சொன்னா அவ மூட்டையைக் கட்டிட்டு வந்துருவா. இதையும் விட்டா, இனி அவளை யாரு அனுப்புவாங்க?" என்றார் பாட்டி.

எனக்குச் சம்மதமில்லை. பெற்றவளுக்குச் சொல்லாமல் இருப்பதா? ஆனால் விடிய விடிய ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. என் பெரியவனுக்கு அம்மை போட்டிருந்த கோடையில் இவர் முகாமில்தான் இருந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை. அனுப்பலாமா என்று யோசிக்கக்கூட இல்லை. திரும்பி வந்த பிறகே அவருக்குத் தெரியும்.

விடியற்காலையில் வியர்த்து, ஜுரம் இறங்கியது. மறுநாள் மாலை அவளுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்திருக்கிறது, ஓடி வந்தாள். பாட்டி மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தையும் நெற்றியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அடுத்த தடவை சொல்லீருங்க அம்மா. வர்றதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றாள். மணியைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தாயார் கையில் கொடுத்துத் திரும்பிப் போனாள். பாட்டி வெகு நேரம் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை.

குழந்தை தேறிய பிறகு ஊர் சுற்றினோம். பாண்டவர் குகைகள் என்கிறார்கள். உண்மையில் பௌத்தர்கள் குடைந்தவையாம். ஜடாசங்கர் குகைக்குள் இயற்கையாகவே லிங்க வடிவில் வளர்ந்த பாறைகளைப் பார்த்ததும் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாத்பூராவின் உச்சியான தூப்கட்டில் (1352 மீட்டர்) சூரியாஸ்தமனம் பார்த்தோம். ஆனால் என் மனசில் நிற்பது சௌராகட்தான். ஆயிரத்து முந்நூறு படிக்கு மேல்! சிவராத்திரிக்கு பக்தர்கள் இரும்புத் திரிசூலத்தைத் தோளில் சுமந்து ஏறுவார்கள். மேலே திரிசூலங்கள் காடாக நட்டுக் கிடக்கின்றன. நம் வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடியுடன் ஏறுகிறவர்கள் ஞாபகம் வந்தது. அந்த ஏழு மலையை நான் அடிவாரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். என் வயதுப் பெண்கள் ஏறுவது வழக்கமில்லை. இங்கே ஏறினேன். முழங்கால் மூன்று நாள் வலித்தது, அது வேறு விஷயம்.

கடைசி இரவு தீ வளர்த்துச் சுற்றி உட்கார்ந்து ஆடிப் பாடும் நிகழ்ச்சிக்கு எங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பல மாகாணத்துப் பெண்கள்; பல பாஷையில் பாட்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கென்று 1909-ல் இங்கே வந்த இயக்கம். இந்தியப் பிள்ளைகளுக்காக 1916-ல் சென்னையில் தனிச் சங்கம் அமைத்தவர் அன்னி பெஸன்ட் அம்மையார், ஒரு பெண்மணி. கோபி ஆசிரியை கும்மி அடித்தாள். பாட்டி மடியில் குழந்தை விசிலைக் கடித்துக்கொண்டு நெருப்பைப் பார்த்தபடியே தூங்கிப்போயிற்று.

திரும்பும் ரயிலில் எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். அம்மை போட்ட கோடையையும் சேர்த்துத்தான். "எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னால் வந்திருப்பீர்களா?"

ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாகபுரி வந்துவிட்டது. டீ வாங்கி வரட்டுமா?" என்றார்.

வருகிற லீவில், பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான புல்புல் பிரிவுத் தலைவிகளுக்கு அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. எங்கள் காலனியில் பன்னிரண்டு பெண் குழந்தைகள் தேறுவார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். குழந்தைகளை அழைத்துக்கொண்டு இவரும் கூட வருகிறார். ஜுர மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, இவருக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.