அத்தை மடியில் ஆமை

தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ வர அவசரக்காரர்களுக்கு பீடோர் வழி இருக்கிறது. நெடுஞ்சாலையைப் பிடித்தால் வேலை முடிந்தது. எனக்குப் பிடித்தது கம்போங் காஜா பக்கமாக, பேரா ஆற்றை அடிக்கடி தொட்டுக்கொண்டு வரும் பழைய சாலை. 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைத் தாண்டி ஊரை விட்டு வெளியே வந்தால் செம்பனை, நடுவே மலாய்க் கம்பங்கள், தூண்மேல் நிற்கும் பலகை வீடுகள், வாசலில் குலையோடு தொங்கும் வாழைப்பழம். கம்போங் காஜாவுக்கு அருகில்தான் பாசிர் சாலாக். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட ஊர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தேதிக்கு ஒரு முகம் கிடைக்கும் இடம் அது.

இந்தப் பக்கத்து நிலம் தாழ்வானது. தண்ணீர் தேங்கி வேர் அழுகாமலிருக்க செம்பனைத் தோட்டங்களில் நெடுகக் கால்வாய் வெட்டியிருப்பார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்றும் அதைப் 'பாரிட்' என்றுதான் சொல்வார்கள். கறுத்த, மெதுவாக ஓடும் நீர்; ஓரமெல்லாம் புல். நமக்கு அது சாக்கடை மாதிரி தெரியும். பெட்டி ஆமைக்கு அதுதான் வீடு. மலாயில் 'கூரா கூரா காத்துப்' என்பார்கள்; காத்துப் என்றால் மூடுவது. அதன் அடி ஓட்டில் ஒரு கீல் இருக்கிறது. பயந்தால் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, கதவு சாத்துவதுபோல் ஓட்டைச் சாத்திக்கொள்ளும். நாய்க்கும் உடும்புக்கும் எதிராக நல்ல ஏற்பாடு. செம்பனைக்குலை ஏற்றிய லோரிக்கு எதிராக ஒன்றுமே இல்லை.

போன நவம்பரில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தச் சாலையில் ஒன்றைப் பார்த்தோம். காரில் நான், என் மாமியார், எட்டு வயது மகன். முதலில் உரிந்து விழுந்த டயர்த் துண்டு என்றுதான் நினைத்தேன். மகன்தான் "அம்மா, அது நடக்குது!" என்று கத்தினான்.

ஓரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, முன்னும் பின்னும் பார்த்து இறங்கினேன். ஒரு சாண் நீளம் இருக்கும். கறுத்த ஓடு, முகத்தின் இரு பக்கமும் மஞ்சள் கோடுகள். வலது பின்புறம் ஓடு பிளந்து, ஒரு துண்டு உள்நோக்கி அமுங்கியிருந்தது. இரத்தம் அதிகமில்லை. மூன்று காலால் நடந்துகொண்டிருந்தது. நான்காவது காலை இழுத்துக்கொண்டே.

ஆமை ஓடு என்பது சட்டையைப் போல மேலே போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து வளர்ந்து ஓடாகின்றன. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. ஓடு உடைந்தால் எலும்பு முறிவுதான், வலிக்கும். கத்தாது என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இரண்டு கையாலும் ஓட்டின் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினேன். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு போய்விடும். காருக்கு வந்தபோது அத்தை கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க."

"இது வீடு இல்ல அத்தை, காரு."

"காரு எங்க போகுது? வீட்டுக்குத்தானே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மகன்தான் காப்பாற்றினான். கோயில் சமய வகுப்பில் படித்தது இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "பாட்டி, பெருமாளே ஆமையா வந்தாரு. அவரு வந்தா கதவ சாத்துவீங்களா?"

அத்தை சிறிது நேரம் யோசித்தார். பிறகு, கடையில் வாங்கிய மைலோ பெட்டியைக் காலி செய்து, தோளில் கிடந்த துண்டை அதில் விரித்தார். "குடு இப்படி. நீ ஓட்டு."

வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு 1-800-88-5151 என்ற எண் உண்டு. கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். தண்ணீரில் போடாதீர்கள் என்பதுதான் அவர் முதலில் சொன்னது. ஆமை என்றால் தண்ணீர் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பிளந்த ஓட்டின் வழியாகத் தண்ணீர் உடலுக்குள் போய்விடும். சாப்பாடு கொடுக்க வேண்டாம், பசை போட்டு ஒட்டிப் பார்க்க வேண்டாம் என்றார். உள்ளே அழுக்கை வைத்து மூடினால் சீழ் பிடிக்கும். சுத்தமான துணியால் காயத்தை மூடி, ஈ மொய்க்காமல், இருட்டாக, அமைதியாக, காற்றுப் போகும்படி வைத்துக் கால்நடை மருத்துவரிடமோ தங்களிடமோ கொண்டு வரச் சொன்னார். கடைசியாக, எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைக்கச் சொன்னார். நான் திரும்பிப் போய்ப் பக்கத்திலிருந்த கிலோமீட்டர் கல்லைப் படம் எடுத்தேன்.

வழியில் போத்தா கானான். அங்கே 1960களிலிருந்து பெர்ஹிலித்தான் ஆற்று ஆமைகளை, அதாவது 'துந்துங்' ஆமைகளை, வளர்த்துப் பேரா ஆற்றில் விட்டு வருகிறது. அந்த இனத்தில் முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். பெயர்ப்பலகையைக் காட்டி இதை மகனுக்குச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. பெட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்திருந்தான்.

ஈப்போவில் முதலில் போன மருத்துவமனையில் நாயும் பூனையும் மட்டும்தான் என்றார்கள். இரண்டாவது இடத்தில், மூடப்போகும் நேரத்திலும், ஒரு சீனப் பெண் மருத்துவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். காத்திருந்தபோது நண்பர் ஒருவர் செய்தி அனுப்பினார்: "சாம் போ தோங் குகைக் கோயில் குளத்துல விட்டுடு, அங்க நிறைய ஆமை இருக்கு." நல்ல மனசுதான். ஆனால் காயம்பட்ட காட்டு ஆமையைக் குளத்தில் விட்டால் அதற்கும் கேடு, ஏற்கெனவே அங்கே இருப்பவற்றுக்கும் நோய் போகலாம்.

எக்ஸ்ரே படத்தை மருத்துவர் திரையில் காட்டினார். ஓட்டுக்குள்ளே நீளவாக்கில் இரண்டு வெள்ளை வடிவங்கள். முட்டைகள். இந்த இனம் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு முட்டைதான் இடுமாம். கால்வாயை விட்டு, மழையில் நனைந்து இளகிய மேட்டு மண்ணைத் தேடிச் சாலையைக் கடந்திருக்கிறது. அத்தை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "புள்ளத்தாச்சியா?" என்றார். அதற்குப் பிறகு வீடு உருப்படாது என்ற பேச்சே வரவில்லை.

அடுத்த வாரம் வானொலியில் இதைச் சொன்னபோது அழைப்புகள் நிற்கவில்லை. பாரிட் வெட்டும்போது ஆமை கிடைத்தால் அன்று லயத்தில் கறிச்சோறு என்றார் ஒரு பெரியவர். கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்க ஆமை விட்டு வளர்த்ததாக இன்னொருவர். வளர்க்க ஒன்று கிடைக்குமா என்று கேட்ட நேயரிடம், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். அனுமதி இல்லாமல் பெட்டி ஆமையை வைத்திருக்க முடியாது. இறைச்சிக்கும் மருந்துக்கும் வளர்ப்புக்கும் பிடித்துப் பிடித்து, 2000-ஆம் ஆண்டிலேயே அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறிவிட்ட உயிர் அது. நமக்கோ வாஸ்துக்காகக் கண்ணாடி ஆமையை வரவேற்பறையில் வைத்தால் அதிர்ஷ்டம், உயிருள்ளது வாசலுக்கு வந்தால் தரித்திரம்!

மருத்துவர் காயத்தைக் கழுவி, அமுங்கிய துண்டைத் தூக்கி நிறுத்தி, வலிக்கும் சீழுக்கும் ஊசி போட்டார். மறுநாள் பெர்ஹிலித்தான் அதிகாரி வந்து பொறுப்பெடுத்துக்கொண்டார். ஆறாம் நாள் அது பெட்டிக்குள்ளேயே முட்டையிட்டது. ஒன்று உடைந்திருந்தது. இன்னொன்றை மணலில் புதைத்து வைத்தார்கள், பொரிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள்தான் முதல் தடவையாக ஒரு துண்டு வாழைப்பழம் தின்றதாம். ஓடு மெதுவாகத்தான் கூடும், மாதக் கணக்காகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பின்காலில் கொஞ்சம் தாங்கல் நின்றுவிட்டது. நீந்த அது தடையில்லை என்றார்கள்.

ஏப்ரலில் அதிகாரி அழைத்தார். விட்டுவிட்டோம், நீங்கள் கொடுத்த கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி என்றார். ஆமைக்குத் தன் இடம் தெரியும். வேறு இடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பி, மறுபடி சாலைக்குத்தான் வரும்.

அத்தையிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் விட்டாங்க? அது வந்த பக்கமா, போன பக்கமா?" என்று கேட்டார்.

உடனே திருப்பி அழைத்துக் கேட்டேன். பாரிட் இருக்கும் பக்கம், வந்த பக்கம்தான்.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்.